கடையின் முதல் யாருடையது?

நம் பிள்ளைகளில் பலர் வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்ததும் முதலில் நினைப்பது, ஊரில் ஒரு சிறு கடை வைத்துக்கொண்டு பெண்டு பிள்ளைகளோடு இருந்துவிடலாம் என்பதுதான். மளிகைக் கடையோ, ஜவுளிக் கடையோ, பாத்திரக் கடையோ, அவரவர் அனுபவத்துக்கும் வசதிக்கும் தக்கபடி தேர்ந்துகொள்கிறார்கள். நல்ல நினைப்புத்தான். கடை திறக்கும் நாள் குறித்ததும் பள்ளிவாசல் இமாமை அழைத்து துஆ ஓதச் செய்கிறோம். வந்தவர்களுக்கு சர்பத்தும் பேரீச்சம்பழமும் வழங்குகிறோம். முதல் வியாபாரம் செய்வதற்குக் கைராசிக்காரர் என்று பெயரெடுத்த பெரியவர் ஒருவரைத் தேடிப் பிடிக்கிறோம்.

ஆனால், அங்கே அடுக்கி வைத்திருக்கும் சரக்கு யாருடைய பணத்தில் வந்தது, அந்தப் பணம் எந்த வகையில் வந்தது என்று அந்தக் கடைக்காரரையே கேட்டுப் பாருங்கள். தெளிவாகப் பதில் சொல்வோர் மிகக் குறைவு. "எல்லாம் வீட்டுப் பணம்தானே!" என்று சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் இந்த மாதம் எழுத எண்ணுகிறோம்.

மக்காவைத் துறந்து மதீனா வந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களின் வரலாறு நாம் அறிந்ததே. நபி (ஸல்) அவர்கள் அவரை அன்ஸாரியான ஸஅத் பின் ரபீஉ (ரலி) அவர்களுடன் சகோதரராக இணைத்தார்கள். ஸஅத் அவர்கள் தம் செல்வத்தில் பாதியையே எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். வந்தவரோ அவருக்காக துஆச் செய்துவிட்டு, சந்தைக்கு வழி காட்டுமாறு மட்டும் கேட்டார். பாலாடைக் கட்டியும் நெய்யும் விற்றுத் தொடங்கிய வியாபாரம் அது. பிற்காலத்தில் ஸஹாபாக்களில் பெருஞ்செல்வர்களில் ஒருவராக அவர் விளங்கினார்.

எல்லோராலும் அப்படித் தொடங்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறோம். இன்று ஒரு சிற்றூரில் மளிகைக் கடை வைப்பதென்றாலும் அட்வான்ஸ், அலமாரி, தராசு, குளிர்பதனப் பெட்டி, முதல் சரக்கு என்று லட்சக்கணக்கில் வேண்டியிருக்கிறது. பிறர் பணம் இல்லாமல் காரியம் நடப்பதில்லை. பிறர் பணத்தை வாங்குவது குற்றமுமில்லை. என்ன பெயரில் வாங்கினோம் என்று தெரியாமல் இருப்பதுதான் குற்றம்.

நமக்குத் தெரிந்த ஒரு குடும்பம். ஊரையும் பெயரையும் சொல்ல வேண்டியதில்லை. 2014இல் கணவர் மளிகைக் கடை வைத்தார். மனைவி தம் 18 பவுன் நகையைக் கழற்றிக் கொடுத்தார். விற்றதில் நான்கு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் கிடைத்தது. வளைகுடாவில் இருந்த அண்ணன் மூன்று லட்சம் அனுப்பினார். கடை நன்றாகவே நடந்தது. மாதாமாதம் அண்ணன் வீட்டுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் இந்தக் கடையிலிருந்தே போயின. யாரும் எதையும் எழுதவில்லை. 2021இல் கணவர் நோயுற்று மௌத்தானார். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

கடையும் சரக்குமாக ஏறத்தாழ 12 லட்சம் மதிப்பு. அண்ணன் வந்து, "என் பணத்தில் வைத்த கடை, எனக்குப் பாதி உண்டு" என்றார். மனைவி, "என் நகையைத் திருப்பித் தருவதாக மச்சான் சொல்லியிருந்தாங்க" என்றார். இரண்டுக்கும் சாட்சி இல்லை. ஜமாஅத் பெரியவர்கள் இஷாவுக்குப் பிறகு மூன்று இரவுகள் உட்கார்ந்து பேசினார்கள். அண்ணனைப் பார்த்து, "அந்த மூன்று லட்சத்தை நீங்கள் கடனாகக் கொடுத்தீர்களா, பங்காகக் கொடுத்தீர்களா, அன்பளிப்பாகக் கொடுத்தீர்களா?" என்று கேட்டபோது அவரால் பதில் சொல்ல முடியவில்லை. அவர் கெட்டவர் அல்ல. கொடுக்கும்போது அவரே அதை நினைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். கடைசியில் ஒரு சமாதானம் பேசி முடித்தார்கள். ஆனாலும் அந்தப் பிள்ளைகள் இன்று வரை பெரிய வாப்பா வீட்டு வாசலை மிதிப்பதில்லை.

அண்ணனின் பணத்தையும் மற்றக் கடன்களையும் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, மனைவியின் கணக்கை மட்டும் பாருங்கள். மையித்தின் சொத்தைப் பங்கிடுவதற்கு முன் அவருடைய கடனை அடைக்க வேண்டும், வஸிய்யத்தை நிறைவேற்ற வேண்டும் என்பது திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயத்தில் உள்ள சட்டம். பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு. நகைப் பணம் கடன் என்று நிரூபணமானால், முதலில் நான்கு லட்சம் அவருக்குப் போய்விடும். மீதி எட்டு லட்சத்தில் எட்டில் ஒன்று, அதாவது ஒரு லட்சமும் சேரும். ஆக ஐந்து லட்சம். நிரூபணம் இல்லையென்றால் 12 லட்சத்தில் எட்டில் ஒன்று, ஒன்றரை லட்சம் மட்டுமே. இந்த இரண்டு தொகைக்கும் நடுவே இருந்தது ஒரே ஒரு தாள்.

இதில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. நகையை விற்று ரூபாயாக்கி அந்த ரூபாயைக் கடனாகக் கொடுத்தால், ரூபாய்தான் கடன். தங்கத்தையே கடனாகக் கொடுத்து, அதை விற்றுக்கொள்ள கணவருக்கு அனுமதியும் கொடுத்தால், அதே தரத்தில் அதே எடைத் தங்கம் கடனாக நிற்கும். 18 பவுன் என்பது 144 கிராம். 2014இல் நான்கு லட்சத்தை எட்டாத அந்தத் தங்கம் 2021இல் ஆறு லட்சத்தைத் தாண்டிவிட்டது. தங்கத்துக்குத் தங்கமே திருப்பித் தரும்போது விலை ஏறியிருப்பதால் அது வட்டியாகிவிடாது. எடை கூடவில்லையே! ஆனால் ரூபாயைக் கடனாகக் கொடுத்துவிட்டு, தங்கம் விலை ஏறிவிட்டது என்று கூடுதல் ரூபாய் கேட்டால் அது வட்டி. எனவே கொடுக்கும் அன்றே எது கடன் என்று பேசிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மனைவி மனமுவந்து அன்பளிப்பாகவே கொடுக்கிறார் என்றால் அதற்கும் மார்க்கத்தில் தடையில்லை. மஹரிலிருந்தேகூட மனைவி மனமொப்பிக் கொடுப்பதைக் கணவர் அனுபவிக்கலாம் என்று இறைமறை அனுமதிக்கிறது. ஆனால் அவர் வாயால் அதைச் சொல்ல வேண்டும். அவர் பேசாமல் கழற்றிக் கொடுத்ததை அன்பளிப்பு என்று நாமாக எழுதிக்கொள்ளக் கூடாது. நம் வீடுகளில் பெண்கள் எத்தனையோ விஷயங்களில் பேசாமல் இருக்கிறார்கள். அத்தனையும் சம்மதம் என்று யார் சொன்னது?

கணவன் மனைவிக்குள் எழுதுவதா என்று கூச்சப்படுவோர் உண்டு. திருக்குர்ஆனின் மிக நீளமான வசனம் எதைப் பற்றியது தெரியுமா? தொழுகையைப் பற்றியதல்ல, நோன்பைப் பற்றியதல்ல. தவணைக் கடனை எழுதிக்கொள்வதைப் பற்றியது. இரண்டாம் அத்தியாயத்தின் 282ஆம் வசனம். சிறியதோ பெரியதோ எழுதுவதற்குச் சடைந்துகொள்ள வேண்டாம் என்றும், இரு ஆண்களையோ, ஓர் ஆணையும் இரு பெண்களையுமோ சாட்சியாக்கிக்கொள்ள வேண்டும் என்றும் அது கற்றுத் தருகிறது. சொந்தக்காரர்களுக்குள் எழுத வேண்டாம் என்று அதில் விலக்கு எதுவும் இல்லை.

இனி அண்ணன், மைத்துனர், நண்பர் ஆகியோர் தரும் பணத்துக்கு வருவோம். நம்மவர்கள் மிகுதியும் தவறி விழுவது இங்கேதான். "மூன்று லட்சம் தருகிறேன். கடையை நீ பார். மாதம் ஐயாயிரம் எனக்குக் கொடுத்துவிடு. முதல் அப்படியே இருக்கட்டும்" என்று சொல்வார்கள். கொடுப்பவரும் தொழுகையாளி, வாங்குபவரும் தொழுகையாளி. இருவருமே இதை இலாபம் என்று நம்புகிறார்கள். முதலுக்கு நஷ்டமே வராது, மாதத் தொகையும் மாறாது என்றால் அது வியாபாரப் பங்கு அல்ல. பங்கு என்று பெயர் சூட்டிய வட்டியே அது. வங்கிக்குப் போகவில்லை என்பதால் அது ஹலாலாகிவிடாது.

ஹலாலான வழிகள் இல்லாமல் இல்லை. வெறும் கடனாகக் கொடுக்கலாம். கொடுத்த தொகைக்கு மேல் ஒரு காசும் பேசக் கூடாது. கடை மூழ்கினாலும் கடன் நிற்கும். அடுத்தது முளாரபா. ஷாபிஈ நூல்களில் இதை கிராள் என்பார்கள். ஒருவர் பணம், மற்றவர் உழைப்பு. கதீஜா நாயகி (ரலி) அவர்களின் சரக்கை ஷாம் நாட்டுக்கு எடுத்துச் சென்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் செய்த வியாபாரத்தை இதற்கு முன்மாதிரியாக எடுத்துச் சொல்வார்கள். இதில் இலாபத்தைப் பாதிக்குப் பாதி, மூன்றில் ஒன்று என்று விகிதமாகப் பேச வேண்டும். இத்தனை ரூபாய் என்று பேசினால் ஒப்பந்தம் பாழ். நஷ்டம் வந்தால் பணம் போட்டவருக்குப் பணம் போகும், உழைத்தவருக்கு உழைப்புப் போகும். உழைத்தவரின் அலட்சியத்தாலோ, பேச்சை மீறியதாலோ வந்த நஷ்டம் என்றால்தான் அவர் ஈடு செய்ய வேண்டும்.

மூன்றாவது, இருவரும் முதல் போடும் கூட்டு. அண்ணன் மூன்று லட்சம், தம்பி ஒரு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஓராண்டில் 80,000 ரூபாய் நஷ்டம் என்றால் அண்ணனுக்கு 60,000, தம்பிக்கு 20,000. இதில் கருத்து வேறுபாடு இல்லை. இலாபத்தில்தான் வேறுபாடு. ஹனபி மத்ஹபில், கடையில் உட்கார்ந்து உழைக்கும் தம்பிக்கு அவருடைய முதலின் விகிதத்தைவிட அதிகமாக, உதாரணமாகப் பாதி இலாபம் என்று பேசிக்கொள்ளலாம். ஷாபிஈ மத்ஹபில் இலாபமும் முதலின் விகிதப்படியே பிரிய வேண்டும். அதற்கு மாறாகப் பேசினால் ஒப்பந்தம் செல்லாது. ஆகவே கடற்கரை ஊர்களில் உள்ள ஷாபிஈ சகோதரர்கள், தம்பியின் உழைப்புக்கு எப்படி ஈடு செய்வது என்பதை எழுதும் முன்பே உள்ளூர் ஆலிமிடம் வாசகத்தைக் காட்டிக் கேட்டுக்கொள்வது நல்லது. கடை திறக்கும் நாளில் துஆ ஓத வருபவர் அவர்தானே! ஒரு வாரம் முன்பாகவே அழைத்தால் என்ன?

கூட்டாளி என்பவர் நம் கைக்குப் பதிலாக நீளும் கை. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் கூஃபாவில் பட்டு வியாபாரம் செய்துவந்தார்கள். குறையுள்ள ஒரு துணியைக் குறையைச் சொல்லி விற்குமாறு கூட்டாளியிடம் அனுப்பினார்கள். அவர் மறந்துபோய்ச் சொல்லாமல் விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. இமாமவர்கள் அந்தப் பணம் முழுவதையும் தருமம் செய்துவிட்டார்கள் என்று வரலாற்றில் காண்கிறோம். சொல்லாமல் விட்டது கூட்டாளி, கொடுத்தது இமாம்.

ஒப்பந்தம் எழுதியான பிறகு வரும் சோதனை வீட்டிலிருந்து வருகிறது. தாய்மார்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். சமையல் நடுவே எண்ணெய் தீர்ந்துவிட்டால் பிள்ளையைக் கடைக்கு விரட்டுகிறோம். "வாப்பாகிட்ட ஒரு லிட்டர் வாங்கிட்டு வா." பிள்ளை எண்ணெயோடு ஒரு மிட்டாயும் எடுத்துக்கொண்டு வருகிறது. கடை முழுவதும் நம்முடையது என்றால் அது வீட்டுச் செலவு. இலாபம் தெரியாமல் போகும், அவ்வளவுதான். கூட்டுக் கடை என்றால் அந்த எண்ணெயில் முக்கால் பங்கு அண்ணனுடையது. அது நம்மிடம் உள்ள அமானத். அதற்காக மிட்டாய் எடுத்த பிள்ளையின் கையைத் தட்டிவிடச் சொல்லவில்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டுத் தொங்கட்டும். வீட்டுக்குப் போகும் ஒவ்வொன்றையும் விலையோடு அதில் எழுதி, மாதக் கடைசியில் தம்பியின் பங்கில் கழித்துவிடலாம். அண்ணன் வீட்டுக்குப் போகும் அரிசியும் அப்படியே. மேலே சொன்ன குடும்பத்தில் ஏழாண்டுகள் போன அரிசியை யாரும் எழுதவில்லை. அது இலாபமா, கடனில் கழிந்ததா, தம்பியின் அன்பா என்று அந்த மூன்று இரவுகளில் ஒருவராலும் சொல்ல முடியவில்லை.

கடை வாடகை விஷயத்தில் ஒரு வார்த்தை. பெருந்தொகையை முன்பணமாகக் கொடுத்து, வாடகையே இல்லாமல் கடையை அனுபவித்துவிட்டு, போகும்போது முழுத்தொகையையும் திரும்பப் பெறும் ஒத்தி முறை நம் ஊர்களில் பரவியிருக்கிறது. 'லீஸ்' என்றும் சொல்கிறார்கள். கொடுத்த பணம் கடன், அந்தக் கடனுக்காகக் கிடைக்கும் ஆதாயம் வாடகையின்மை. கடனை வைத்து ஆதாயம் பெறுவது வட்டியே என்று பெரும்பாலான உலமாக்கள் இதைத் தடுக்கிறார்கள். முன்பணம் அளவோடு கொடுத்து, நியாயமான வாடகையும் கொடுப்பதே பேணுதலானது. உள்ளாட்சியின் உரிமம், உணவுப் பொருள் விற்பவருக்குரிய உணவுப் பாதுகாப்புப் பதிவு ஆகியவற்றையும் முன்கூட்டியே முடித்துவிட வேண்டும்.

தராசைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. குர்ஆனின் 83ஆம் அத்தியாயமே அளவை நிறுவையில் மோசடி செய்வோரின் கேட்டைச் சொல்லித்தான் தொடங்குகிறது. தமக்கு வாங்கும்போது நிறைவாக வாங்கி, பிறருக்குக் கொடுக்கும்போது குறைப்பவர்களை அது குறிப்பிடுகிறது. எடை போடுபவரிடம் சற்றுத் தாழ நிறுக்குமாறு நபி (ஸல்) அவர்கள் சொன்னதும் ஹதீஸில் உள்ளது. இன்று மின்தராசு வந்துவிட்டதால் இந்தப் பாவம் ஒழிந்துவிட்டதாக எண்ண வேண்டாம். சாக்குத் துண்டையும் பிளாஸ்டிக் பையையும் சேர்த்து நிறுப்பவர் இன்றும் உண்டு. 2009ஆம் ஆண்டின் எடையளவுச் சட்டப்படி தராசைக் குறித்த காலத்தில் அரசு முத்திரைக்குக் காட்ட வேண்டும். உறையில் அச்சிட்ட உச்ச விலைக்கு மேல் விற்கவும் கூடாது. 'குளிர வைத்த கூலி' என்று சோடாவுக்கு இரண்டு ரூபாய் கூட்டி வாங்குகிறார்களே, அதற்குச் சட்டத்தில் இடமில்லை.

பாக்கி இல்லாமல் சிற்றூரில் மளிகைக் கடை நடக்காது. ரொக்கத்துக்கு ஒரு விலை, தவணைக்கு ஒரு விலை என்று சொல்லலாமா என்று கேட்கிறார்கள். பேரம் முடியும்போதே இரண்டில் ஒன்று உறுதியாகிவிட்டால் கூடும். தவணை தவறியதற்காகப் பின்னால் கூட்டினால் வட்டி. விருதுநகரிலிருந்து பருப்பும் எண்ணெயும் எடுக்கும்போது மொத்த வியாபாரியிடம் நாம் பேசும் தவணைக்கும் இதே சட்டம்தான். பாக்கியை நம் நோட்டில் மட்டும் எழுதாமல் வாங்குபவரின் சிட்டையிலும் எழுதிக் கொடுக்க வேண்டும். உண்மையிலேயே கையில் இல்லாதவருக்கு அவகாசம் கொடுப்பது இறைவனின் கட்டளை. தள்ளுபடி செய்வது அதைவிடச் சிறந்தது.

இப்போது ஜக்காத். கடை வைத்த நாளிலேயே ஆண்டுக் கணக்கின் தேதியையும் ஹிஜ்ரி மாதப்படி குறித்து வைக்க வேண்டும். அந்தத் தேதியில் கடையை ஒரு வேளை அடைத்து, சரக்கை எண்ணுங்கள். வாங்கிய விலையை அல்ல, அன்றைய சந்தை விலையைப் போடுங்கள். அலமாரி, தராசு, குளிர்பதனப் பெட்டி, சரக்கு ஏற்றும் வண்டி ஆகியவற்றுக்கு ஜக்காத் இல்லை. சரக்கு 3,20,000 ரூபாய், ரொக்கம் 40,000, வந்துவிடும் என்று நம்பத்தக்க பாக்கி 30,000. கூட்டினால் 3,90,000. மொத்த வியாபாரிக்கு நாம் தர வேண்டியது 90,000 என்று வைத்துக்கொள்வோம். ஹனபி மத்ஹபில் அந்தக் கடனைக் கழித்து, மீதி மூன்று லட்சத்துக்கு நாற்பதில் ஒன்று, அதாவது 7,500 ரூபாய். ஷாபிஈ மத்ஹபின் உறுதியான சொல்லின்படி கடன் ஜக்காத்தைத் தடுக்காது. ஆகவே 3,90,000க்கும் சேர்த்து 9,750 ரூபாய். கூட்டுக் கடையில் அவரவர் பங்கின் ஜக்காத்துக்கு அவரவரே பொறுப்பு என்பதால், இந்தக் கணக்கை வளைகுடாவில் இருக்கும் அண்ணனுக்கும் அனுப்பிவிட வேண்டும். அனுப்பாவிட்டால் அவர் எதை வைத்துக் கொடுப்பார்?

ஓர் ஏழை 2,000 ரூபாய் பாக்கி வைத்திருக்கிறார். அதைத் தள்ளுபடி செய்து ஜக்காத்தில் கழித்துக்கொள்ளலாமா என்று ஒவ்வொரு ரமலானிலும் கேட்கிறார்கள். இரண்டு மத்ஹபிலுமே கூடாது என்பதுதான் பதில். ஜக்காத் என்பது அவர் கையில் போய்ச் சேர வேண்டும். அவர் ஜக்காத் பெறத் தகுதியுள்ளவர் என்றால் நிபந்தனை எதுவும் போடாமல் அவருக்கு ஜக்காத்தைக் கொடுக்கலாம். அவர் தாமாக முன்வந்து அதிலிருந்து பாக்கியை அடைத்தால் வாங்கிக்கொள்ளலாம். அடைக்காமல் அரிசி வாங்கிப் போனாலும் நம் ஜக்காத் நிறைவேறிவிட்டது.

மனைவியின் நகை கடனாக நிற்கும் வரை அதன் ஜக்காத் யார் மீது என்ற கேள்விக்கும் ஹனபி மத்ஹபின் சட்டத்தைச் சொல்லிவிடுகிறோம். கடன் வாங்கிய கணவர் தம் கணக்கில் அதைக் கழித்துக்கொள்வார். உடைமையாளரான மனைவி மீதே ஜக்காத் கடமையாகிறது. கையில் இல்லாததால் உடனே கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இல்லை. தங்கம் திரும்பி வந்ததும், கடந்துபோன ஆண்டுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கணக்கிட்டுக் கொடுக்க வேண்டும். எத்தனை ஆண்டுகள் என்பது அந்தத் தாளில் உள்ள தேதியைப் பார்த்தால் தெரியும். அதன் பிரதி ஒன்று அவருடைய பெட்டியிலேயே இருக்கட்டும்.